முப்பத்தொன்பதாம் இடம்

வானொலி நிலையத்தின் பின்கட்டில், நேயர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு எழுதும் அஞ்சலட்டைகளைப் பாட்டுக்கு ஒரு பொந்தாகப் பிரிப்பதற்கென்று ஒரு மர அலமாரி இருந்தது. அதில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு பொந்து, ஆக முப்பத்தைந்து பொந்துகள். சுவர் அவ்வளவுதான் அகலம் என்று தச்சர் கையை விரித்துவிட்டார். அலமாரி வந்து ஒரு மாதம் கழித்து மேலதிகாரி நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தார்: ‘நாற்பது பாடல்கள்.’ முப்பத்தைந்து என்பது காதுக்கு நன்றாக இல்லையாம்.

மீதி ஐந்து பாட்டுக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கும் வேலை வரிசைக்காரர் தலையில் விழுந்தது. வாரம் தவறாமல் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்ததால் நிலையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிறகு வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கைப்பிடி ரப்பர் வளையம் இருக்கும். யாராவது சும்மா இரண்டு காகிதத்தை மேசைமேல் வைத்தால்கூட எடுத்து விளிம்பு தட்டி அடுக்கிவிட்டுத்தான் பேசுவார்.

அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. பொந்து உள்ள பாட்டுகளின் அட்டைகளை எண்ணுவார். பொந்து இல்லாத பாட்டுகளுக்கு வந்த அட்டைகள் எல்லாம் ஒரு சாக்குக்குள் போகும். சாக்கின் மேல் ‘மற்றவை’ என்று எழுதி, வாரத்தின் தேதியும் போட்டு, வாயைக் கட்டிவிடுவார். எண்ணமாட்டார். கடைசி ஐந்து இடங்களை அவரே தம் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுவார். முப்பத்தாறில் இருக்கும் பாட்டுக்கு அடுத்த வாரம் ஒரு பொந்து காலியானால் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ள நான்கும் இரண்டு மூன்று வாரம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகும். அவற்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே, அந்த ஐந்து இடத்துக்கும் பூசாரி இவர்.

இது பெரிய பாவம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. வரிசையின் அடியில் கிடக்கிற பாட்டு எப்படியும் மறந்துபோகிற பாட்டுதானே என்று நினைத்தார். அப்படி நினைக்காத குமாஸ்தா யார்?

அவருடைய அக்கா கணவருக்குத் தகரப் பட்டறையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைப்பது. தட்டுகிற தாளத்திலேயே பாட்டுக் கட்டுவார். அப்படிக் கட்டிய ஒரு பாட்டை, பட்டறை நண்பர்கள் தள்ளிவிட்டதில், ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி இசைத்தட்டாகவும் போட்டுவிட்டார். ‘ஈரக் குடை’ என்று பெயர். யாரோ வாசலில் விட்டுப்போன குடை, மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. இரண்டரை நிமிடம்.

அக்கா தம்பியிடம் வந்து நின்றாள். “ஒரே ஒரு வாரம்டா. கேட்டா சந்தோஷப்படுவாரு. உன் கையிலதானே இருக்கு?”

கையில்தான் இருந்தது. முப்பத்தொன்பதில் போட்டார்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும். நாற்பதிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். ஆகவே முப்பத்தொன்பதாம் பாட்டு, மக்கள் வானொலியைத் திருப்பிவிட்டு உட்காரும்போது வரும் இரண்டாவது பாட்டு. அதை முழுசாகப் போடமாட்டார்கள், ஒரு நிமிடம் மட்டும். அந்த ஒரு நிமிடத்தைக் கேட்க அத்தான் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

ஒரு வாரம் என்றது இரண்டானது, மூன்றானது. எடுத்துவிட மனம் வரவில்லை. மேலே ஏற்றவும் பயம். சொந்தக்காரன் பாட்டு என்று யாராவது மோப்பம் பிடித்தால் வேலைக்கு வேட்டு. ஆகவே முப்பத்தொன்பதிலேயே, ஏறாமல் இறங்காமல், ஒன்பது வாரம் வைத்திருந்தார். அந்த வாரங்களில் ‘மற்றவை’ சாக்கு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ஒன்பதாவது வாரம் முழங்காலால் அமுக்கித்தான் வாயைக் கட்ட முடிந்தது. ஏன் என்று அவர் பார்க்கவில்லை. மழைக்காலம், வீட்டில் சும்மா இருக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்பதாவது வாரம் அக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை அழுதுகொண்டு. அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். இடுப்பில் மூத்தவள்.

“வேலையை விடப் போறாராம்டா. ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில வச்சிருக்காரு. இனிமே பாட்டுதான்கிறாரு. ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்? நீதான் சொல்லணும். நீ சொன்னாத்தான் கேப்பாரு.”

மறுநாள் மதிய இடைவேளையில் அவர் பட்டறைக்குப் போனார். அத்தான் ஒரு எண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்துப் பீப்பாயைத் துணியால் துடைத்துவிட்டார்.

“வா மச்சான். முப்பத்தெட்டுக்கு ஏறிடுச்சா?”

எப்படியெல்லாமோ சொல்லியிருக்கலாம். பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒரு எரிச்சல் வந்தது. ஒன்பது வாரம் வேலையைப் பணயம் வைத்தவன் நான், இந்த மனுஷன் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்கிற எரிச்சல்.

“அத்தான், அந்த இடத்துல வச்சது நான். அக்கா கேட்டா, வச்சேன். உங்க பாட்டுக்கு ஒரு கார்டுகூட வரலை.”

அத்தான் சாப்பாட்டை மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

பட்டறையில் யாரோ இடைவேளை முடியுமுன்னே தகட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தான் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்து, சாப்பாட்டு மிச்சத்தோடு சுற்றிக் குப்பையில் போட்டார். “நல்ல வேளை, சொன்னே,” என்றார். பிறகு கை கழுவப் போனார்.

வரிசைக்காரர் நிம்மதியாகத் திரும்பினார். அக்கா குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரம் முப்பத்தொன்பதில் வேறு ஏதோ ஒரு பாட்டு வந்தது.

அதற்குப் பிறகு அத்தான் பாடவில்லை. வீட்டில் முணுமுணுத்ததுகூட இல்லை. இருபத்தாறு வருஷம் தகடு தட்டினார். பட்டறைச் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஓய்வு பெறும்போது சுத்தமாகப் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பா ஒரு பாட்டுப் பாடி இசைத்தட்டு போட்டவர் என்பதே தெரியாமல் வளர்ந்து, கல்யாணமாகி வெளியூர் போனார்கள். இப்போது அவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமானால் முகத்துக்கு நேராக நின்று வாயசைக்கவேண்டும், இல்லாவிட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டவேண்டும். அவர் மட்டும் வாய் திறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தம் குரல் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

முப்பத்தோரு வருஷம் இப்படிப் போன பிறகு நிலையத்திலிருந்து ஓர் அம்மாள் வரிசைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். பழைய ஒலிநாடாக்களைக் காக்கும் பிரிவில் இருப்பவர். தலை நரைத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேலே ஏறாமல் வரிசையின் அடியிலேயே கிடந்து மறைந்த பாட்டுகளைத் தேடி எடுத்து ஒரு நிகழ்ச்சி செய்கிறாராம்.

“உங்க பட்டியல் எல்லாத்தையும் பார்த்தேன் சார். எல்லாப் பாட்டும் ரெண்டு வாரம், மூணு வாரம். ‘ஈரக் குடை’ மட்டும் ஒன்பது வாரம் ஒரே இடத்துல நின்னிருக்கு. அதனால அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன்.”

“அட்டை ஏது? ஆறு மாசத்துல எரிச்சிடுவோமே,” என்றார் வரிசைக்காரர்.

“எண்ணி முடிச்ச அட்டையை எரிக்கணும்னுதான் விதி. ‘மற்றவை’ சாக்கை யாரும் எண்ணவே இல்லையே. அதனால எரிக்க முடியலை. எல்லாம் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்குது.”

அந்த அம்மாள் மேசைமேல் ஒரு தாளை வைத்தார், ‘ஈரக் குடை’க்கு வந்த அட்டைகளின் கணக்கு. முதல் வாரம் அறுபத்தொன்று. இரண்டாம் வாரம் நூற்று நாற்பது. அப்படியே ஏறிக்கொண்டே போய், ஒன்பதாம் வாரம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. அந்த வாரம் நான்காம் இடம் என்று வரிசைக்காரர் தம் கையால் தட்டச்சு செய்த பாட்டுக்கு, அதே பட்டியல்படி, ஆயிரத்துத் தொண்ணூறு.

“நான்காவதா வந்திருக்கவேண்டிய பாட்டு சார்,” என்றார் அந்த அம்மாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அதிசயப்படுகிற குரல். “பாடினவர் இருக்காரா?”

வரிசைக்காரர் தாளின் விளிம்பைத் தட்டி நேராக்கினார். மறுபடி தட்டினார். “இருக்காரு,” என்றார்.

சொல்லாமல் விடலாமா என்று மூன்று நாள் யோசித்தார். காது கேட்காத மனிதர், வானொலியில் போட்டாலும் தெரியப்போவதில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. எவனாவது தெருவில் மடக்கி, கையைக் குலுக்கி, வாயசைத்துச் சொல்லிவிடுவான். அக்காவிடம் போய்ச் சொன்னார்.

“ஒண்ணுகூட வரலைன்னு சொல்லச் சொன்னேனா நான்? வேலையை விடவேண்டாம்னு சொல்லத்தானே சொன்னேன்,” என்றாள்.

“ஆமாக்கா.”

“பாக்காமலேயா சொன்னே?”

தெரியாமல் சொன்னேன் என்றால்கூட மன்னிப்பு உண்டு. தெரியாது என்பது தெரிந்தே சொன்னவருக்கு அதுவும் இல்லை.

மறுநாள் மதியம் ஒன்பதாம் வாரத்து ‘ஈரக் குடை’ அட்டைகளை அந்த அம்மாளிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு போனார். அத்தான் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா சிலேட்டை எடுத்துக் கொடுத்தாள். சிலேட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல், வரிசைக்காரர் முதல் கட்டை அவிழ்த்து அத்தான் மடியில் வைத்தார்.

அத்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மை பழுப்பேறியிருந்தது. ‘ஈரக் குடை.’ ‘ஈரக் குடை.’ ‘ஈரக் குடை, எங்கள் அச்சகத்தில் பதினோரு பேரும் கேட்கிறோம்.’ ‘ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன், முழுப் பாட்டையும் ஒருமுறை போடுங்கள்.’ கிட்டத்தட்ட ஐம்பது அட்டை படித்திருப்பார். பிறகு ஒன்றை எடுத்து, தெருவுக்கே கேட்கும் குரலில் வாசித்தார்.

“இந்தப் பாடகரின் அடுத்த பாட்டு எப்போது வரும்?”

அட்டையைத் திருப்பித் தேதி முத்திரையைப் பார்த்தார். பட்டறையில் பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்த அந்த நாளுக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

“மச்சான்,” என்றார். “அன்னிக்கு நீ எண்ணினியா?”

வரிசைக்காரர் இல்லை என்று தலையசைத்தார். காலைப் பிடித்து அழுதுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். அத்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மடியிலிருந்த கட்டைத் தூக்கி மச்சான் கையில் வைத்தார்.

“இப்ப எண்ணு. என் கண்ணு முன்னாடி எண்ணு. வாயை அசைச்சு எண்ணு.”

வரிசைக்காரர் தரையில் உட்கார்ந்து, பைகளையும் கவிழ்த்து எண்ணினார். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு ரப்பர் வளையம் போட்டார். அத்தான் கட்டிலிலிருந்து குனிந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு என்று முடித்தபோது வெயில் சன்னலைவிட்டுப் போயிருந்தது.

அத்தான் அந்தக் கட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“மெட்டு மறந்துபோச்சு மச்சான்,” என்றார். “எப்படி ஆரம்பிக்கும்? நீ ஒருதரம் பாடு.”

வரிசைக்காரருக்கு மெட்டு நினைவிருந்தது. ஒன்பது வாரமும் நிலையத்தில் முழு இசைத்தட்டையும் கேட்டவராயிற்றே. பாடினார். மோசமான குரல், ஆனால் மெட்டு தப்பவில்லை. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அத்தான் கண் கொட்டாமல் உதட்டைப் பார்த்தார், குடை சொட்டுகிற கடைசி வரிவரை.

“வார்த்தை எல்லாம் தெரியுது,” என்றார். “மெட்டு வரலை.”

“இன்னொருதரம் பாடட்டுமா?” என்று வரிசைக்காரர் வாயசைத்தார்.

அத்தான் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கீழே குனிந்து, கட்டுகளிலிருந்த ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அட்டைகளை ஒன்றாகக் குவித்தார்.

“மறுபடி எண்ணு.”

வரிசைக்காரர் மேலே இருந்த அட்டையை எடுத்தார். “ஒண்ணு,” என்றார்.