எலும்பக்காவின் கட்டைவிரல் நகம்

கண்ணை மூடிக்கொண்டு, இடது கட்டைவிரல் நகத்தை எலும்பின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போகிறார் எலும்பக்கா. நகம் எங்காவது தடுக்கினால் போதும். "இங்க என்னடா ராசா ஆச்சு உனக்கு?" என்று, செத்துப் பல நூறு ஆண்டுகளான குள்ள நீர்யானையிடம் விசாரணை தொடங்கிவிடும்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கடலுக்கு அப்பால் ஒரு தீவில் தோண்டியெடுத்து வரும் எலும்புகளைக் கழுவுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக. மற்ற நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு அந்த ஒன்றை மட்டும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார். "நான் முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு வந்தா மருந்து போட மாட்டாங்க, எதுல பட்டதுன்னு ஆராய்ச்சி பண்ணுவாங்க" என்பது கணவரின் புலம்பல். மண்ணை மரக்குச்சியால் மட்டுமே கிளறுவார். மேஜைப் பக்கம் யாராவது இரும்பு ஊசியோடு வந்தால் தொலைந்தார்கள்.

ஊசி மேல் அப்படி என்ன கோபம் என்பது போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை புதுக் கூடம் திறப்பு. மனிதன் தீவில் கால் வைத்த பிறகு பெரிய விலங்குகள் ஏன் இல்லாமல் போயின என்பதுதான் விஷயம். நடுநாயகமாக ஒரு நீர்யானைத் தொடை எலும்பு. அதில் மூன்று கீறல்கள். "வெட்டித் தின்றார்கள், இதோ சாட்சி" என்று துறைத்தலைவர் ஆளுயரப் பலகையே எழுதி வைத்துவிட்டார். வழக்கம்போல் கடைசியாக ஒருமுறை துடைக்க அது அக்காவின் கைக்கு வந்தது. நகம் தடுக்கியது. லென்ஸை வைத்துப் பார்த்தார். எலும்பெல்லாம் தேன் நிறம், கீறலின் உள்ளே மட்டும் பளீர் வெள்ளை. பழைய வெட்டென்றால் உள்ளேயும் நிறம் ஏறியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மண் விடாப்பிடியாக ஒட்டியிருந்த ஒரு தொடை எலும்பு, அவசரத்துக்கு எடுத்த ஊசி. அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

எலும்பைக் கையில் ஏந்திக்கொண்டு விடுவிடுவென்று மாடிப்படி ஏறினார்.

"சார், இந்த மூணு கோடும் கத்தி போட்டதில்ல. நான் போட்டது."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அப்போ மனுஷன் மேல தப்பே இல்லங்கிறீங்களா?"

"அப்படி யாரு சொன்னா? வேட்டையாடியிருக்கலாம். காட்டைக் கொளுத்தியிருக்கலாம். கூட வந்த நாய்ங்க நீர்யானைக் குட்டிங்களைத் தின்னிருக்கலாம். மழையில்லாம ஏற்கெனவே நொந்து கெடந்ததுங்க மேல கடைசி அடியா இதெல்லாம் விழுந்திருக்கலாம். எனக்கும் நம்ம ஆளுங்க மேலதான் சந்தேகம். ஆனா பொய்ச்சாட்சி வச்சு யாரையும் மாட்டிவிடக் கூடாது சார்."

"வெளிய தெரிஞ்சா உங்க பேரு கெட்டுப்போகும்மா. இத்தனை வருஷ வேலை."

"கெடட்டும். கீழ இன்னும் நாப்பது தட்டு எலும்பு பிரிக்காமக் கெடக்கு. இது ஒண்ணு போதும்னுதானே விட்டுட்டோம்? நெஜ வெட்டு இருந்தா என் நகத்துக்குத் தப்பாது. பலகையை மாத்தி எழுதுங்க. இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்னு போடுங்க."

தலைவர் பலகையின் நகலை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவைத் தேடினார்.

கீழே வந்த அக்கா முதல் தட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் அதை உடனே பிரிக்கவில்லை. தொடை எலும்பில் நூலால் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்து, 'கத்தி' என்றிருந்ததை அடித்துவிட்டு 'ஊசி' என்று எழுதினார். அதன் கீழே தன் முழுப் பெயரை இனிஷியலோடு எழுதினார். பழுதான பக்கத்தை அடியில் மறைத்து வைப்பதுதான் அங்கே வழக்கம். அக்கா எலும்பைப் புரட்டி, மூன்று கீறலும் மேலே தெரியும்படி வைத்தார்.