கொடுக்குக் கட்டிய நண்டு

சீதாலட்சுமியின் வாயில் நல்ல பேர் வாங்கிய ஆள் இறக்குவானைப் பக்கத்து அந்த இறப்பர் தோட்டத்தில் ஒருவர்கூடக் கிடையாது. கங்காணி அவளுக்கு விசில் ஊதத் தெரிந்த மாடு. புதிதாக வந்த சின்னத்தொரை, தாய் தலைசீவி அனுப்பிய பிள்ளை. புருஷன் ஐயாவு தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். லொறிக்கு இருக்கிற பிரேக் அவன் வாய்க்கு இல்லை என்பாள். இருபத்திரண்டு வருஷம் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவள். அவள் வெட்டிய பட்டையைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை. சொல்லப் பயம் என்பது ஒரு பக்கம். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

போன வருஷம் மரங்களுக்கு இலைநோய் வந்து, வாரத்தில் இரண்டு நாள்தான் வெட்டு என்றாகிவிட்டது. தெற்குக் கரையில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் பொம்பளை ஆள் தேடுகிறார்கள் என்று ஐயாவுதான் செய்தி கொண்டுவந்தான். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்றும் சொன்னான். அப்படியானால் நீங்களே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மறுவாரமே எம்பிலிப்பிட்டியவுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வேறு பஸ் மாறிப் போய் இறங்கினாள். நாற்பத்தைந்து வயதில் முதல்தடவை கடலைப் பார்த்தாள். இவ்வளவு தண்ணீரை வாசலில் வைத்துக்கொண்டு போத்தலில் வாங்கிக் குடிக்கிறார்களே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஹோட்டலுக்குப் பின்னால் கடலுக்குள் நீளமாக ஒரு துறைப்பாலம், ஜெட்டி என்பார்கள். வந்து தங்குகிறவர்கள் அதன் மேல் நின்று நண்டு பிடிக்கலாம். இரும்பு வளையத்தில் தொங்கலாக வலை கட்டி, நடுவில் கோழித்தலையோ மீன்தலையோ முடிந்து, கயிற்றில் இறக்குவார்கள். வளையம் தரையில் படுத்துக் கிடக்கும். இரைக்கு வந்த நண்டு வலைக்கு மேல் ஏறியதும் தூக்க வேண்டும். சமையலறையில் மிஞ்சும் தலைகளைக் கொண்டுவந்து வலையில் இரை முடிகிற வேலை சீதாலட்சுமிக்கு வந்தது.

ஜெட்டிக்குப் பொறுப்பு சாலி. மாவனல்லைக்காரர், பத்து வருஷமாக அங்கே இருப்பவர். அகலமான ஓலைத்தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஒரு சங்கு. சங்கைக் கழுத்தில் கட்டிக்கொண்டு எந்த மீனவன் கடலுக்குப் போகிறான் என்று அவள் முதல்நாளே மனதுக்குள் ஏசினாள்.

தூக்குகிறவர்களைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கயிற்றைக் கொஞ்சம் இழுப்பார்கள். பிறகு போனுக்குச் சிரிக்க நிறுத்துவார்கள். நிறுத்தியதும் வளையம் சாயும், நண்டு நீந்திப் போய்விடும். வெறும் வலையைப் பார்த்துக் கடலைக் குறை சொல்வார்கள்.

இதற்கு மனேஜர் நிரஞ்சன் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் சாலி சந்தையில் நண்டு வாங்கிவந்து, ஜெட்டிப் படிக்குக் கீழே கூடையில் ஒளித்துவைப்பார். விருந்தாளிகள் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது நண்டின் பின்காலை மெல்லிய நூலால் வலையில் கட்டி, கொடுக்கைப் பிணைத்த கயிற்றை வெட்டிவிட்டு இறக்குவார். திரும்பி வந்து தூக்கினால் நண்டு இருக்கும். கூச்சல், கைதட்டல், படம்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. இப்படி ஊரை ஏமாற்றிச் சோறு தின்ன வெட்கமாக இல்லையா என்று சாலியிடமே கேட்டாள். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு போகிறார்கள்தானே அக்கா, அதில் யாருக்கு நட்டம் என்றார்.

ஆறு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. அன்று சாலிக்கு அவசரம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் வலையைத் தூக்கினார். உள்ளே கொழுத்த நண்டு. இரண்டு கொடுக்கும் சிவப்பு நைலோன் கயிற்றால் அழகாகக் கட்டியிருந்தது.

படம் எடுக்கத் தூக்கிய போன்கள் இறங்கின. ஓடிவந்த நிரஞ்சன் கண்கூட இமைக்காமல், இரை கட்டுகிற பொம்பளை கயிற்றைக் கவனமில்லாமல் போட்டிருப்பாள், அதில் சிக்கியிருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாலி தண்ணீரைப் பார்த்தார்.

அவளும் சிங்களத்திலேயே, எல்லோருக்கும் விளங்கும்படி பதில் சொன்னாள். "நான் இரை கட்டுறவ, நண்டு கட்டுறவ இல்ல. இது சந்தையில வாங்கினது. கடலுக்குள்ள எந்த நண்டும் முடிச்சுப் போட்டுக்கிட்டு நடக்காது."

அப்படியானால் நிஜ நண்டைக் காட்டு என்றார் பெரியவர்.

இத்தனை நாளும் அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் ஏறும் நேரம், பாறைக்குப் பக்கத்துத் தூண், அதன் அடியில் நண்டு ஊரும் இடம் எல்லாம் மனதில் இருந்தன. வலையை இறக்கி, வளையம் தரையில் தட்டுவதைக் கயிற்றில் உணர்ந்து, பத்து நிமிடம் காத்து, ஒரே மூச்சில் தூக்கினாள். வெறும் வலை. நிரஞ்சனின் முகத்தில் சிரிப்பு வந்ததையும் பார்த்தாள். மறுபடி இறக்கினாள். இந்தமுறை கயிறு கனத்தது. இரண்டு நண்டு, ஒன்றுக்கு நீலக் கொடுக்கு. இதற்குத்தானா இவ்வளவு கூத்து என்கிற முகத்தோடு வலையைப் பெரியவரின் காலடியில் போட்டாள்.

பெரியவர் கைதட்டியதைப் பார்த்த நிரஞ்சன் வேலையை மாற்றினார். மறுநாளிலிருந்து ஜெட்டி அவளுக்கு, இரை சாலிக்கு. கயிற்றை நிறுத்தினவர்களை அவள் விடவில்லை. "இக்மனட்ட அதின்ன", சீக்கிரம் இழுங்கள் என்று சிங்களத்தில் விரட்டுவாள். கெதியாக இழுக்காவிட்டால் கயிற்றைப் பறித்துவிடுவாள். ஆட்களுக்கு அது பிடித்துப்போனது. அவளிடம் ஏச்சு வாங்கவே கூட்டம் வரத் தொடங்கியது. லீவு எடுத்துக்கொண்டு ஏச்சு வாங்க வருகிற பிறவிகளும் உண்டா என்று அவள் அவர்களையும் சேர்த்தே இளக்காரம் செய்தாள்.

மூன்றாம் மாதம் நிரஞ்சன் ஒரு பையோடு வந்தார். சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, தலையில் மாட்டுகிற தேயிலைக் கொழுந்துக் கூடை. நாளையிலிருந்து இதைப் போட்டுக்கொண்டு நண்டு பிடிக்க வேண்டும். தோட்டத்துப் பெண் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு நல்லாய்ப் பிடிக்கும் என்றார்.

"நான் பால் வெட்டுறவ சேர். கொழுந்து பறிச்சதே இல்லைங்க."

"அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகுது?"

கூடையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் விலைச்சீட்டுகூடக் கழற்றாமல் இருந்தது. அதை அவர் காலடியில் வைத்துவிட்டு, அறைக்குப் போய்த் துணிகளை மடித்தாள்.

பஸ் நிற்கும் இடம்வரை சாலி பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் பார்த்தால் சாதாரணமான, களைத்த மனிதர்.

"மாவனல்லையில நான் தச்சு வேலை செஞ்சவன் அக்கா. தொப்பியும் சங்கும் வந்த முதல் கிழமையே அவங்க தந்தது. நான் போட்டுக்கிட்டேன்."

தாயைத் தவிர யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து முகம் சூடானது. "நீங்களும் ஊருக்குப் போங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் படித்து முடியட்டும் என்றார் அவர்.

இப்போது தோட்டத்தில் வெட்டு இருக்கும் இரண்டு நாள் மரத்துக்குப் போகிறாள். மற்ற நாட்களில் எம்பிலிப்பிட்டியச் சந்தையில், பளீல் என்பவரின் மீன்கடையில் நண்டு விற்கிறாள். அடிவயிற்றை விரலால் அமுக்கி, சதை இல்லாததை ஒதுக்கிவிட்டுத்தான் தராசில் போடுவாள். நல்ல நண்டா என்று கேட்டவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். பக்கத்துக் கடைக்காரன் கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருக்க, சனம் அவள் மேசைக்கு முன்னால் வாய் மூடி வரிசையில் நிற்கிறது.