எனக்குத் தெரியாத ஜெர்மன்

ஓட்டல் ரிசெப்ஷனில் நிற்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். என் பாடு, தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் காட்டுவதிலேயே போனது. அந்த மேசைக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய அன்பர்களே, வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அண்ணையின் உத்தரவு

லண்டனுக்கு வருமுன் இரண்டு வருடம் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தேன். பாஷை நன்றாகவே பிடிபட்டது. ஆனால் இங்கே போட்ட அகதி வழக்கில் அந்த இரண்டு வருடமும் இல்லை. நேரே கொழும்பிலிருந்து வந்ததாக எழுதியிருந்தோம். உண்மை தெரிந்தால் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லண்டன் நோர்பரியில் ஓர் அறைக்குள் அந்த வழக்கை நம்பி இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

இந்த வேலையை எடுத்துத் தந்தவர் ஓட்டல் சமையலறையில் நின்ற சிவம் அண்ணை. முதல் நாளே மேசையடிக்கு வந்து சொன்னார்: "தம்பி, இஞ்ச ஜெர்மன்காரர் கனபேர் வருவினம். உமக்கு ஒரு சொல்லும் தெரியாது. கனவிலயும் தெரியாது."

ஒரு சிரிப்பு

அமெரிக்காவிலிருந்து ஒரு கிழவர் வந்தார். டெக்சஸ்காரர், எண்பது வயதிருக்கும். முப்பாட்டன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போனவராம். சின்ன வயதில் அவர் ஊரில் சர்ச் பூசை, வியாபாரம், சண்டை எல்லாம் ஜெர்மனில்தானாம். இப்போது பேச ஆளில்லை. பள்ளிக்கூடம் இங்கிலீஷில் என்பதால் ஜெர்மன் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஜெர்மனியில் தூரத்து உறவில் தமக்கை முறையான ஒருத்தி மிச்சம். போனில் மட்டுமே பழக்கம். அவளை முதல்முறை பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு ஜெர்மன் இளைஞர்களைக் கண்டதும் ஆசையாகப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, லிப்டடியில், இவருடைய ஜெர்மன் குதிரை வண்டியில் வந்திறங்கியிருக்கும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் சரியான இடத்தில் சிரித்தீர்கள்."

ஃபாக்ஸ்

மறுநாள் காலை, அவர் புறப்படும் நேரம், ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. தமக்கைக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வாருங்கள் என்று அயல்வீட்டுக்காரி எழுதியிருந்தாள். மெஷினிலிருந்து எடுக்கும்போதே வாசித்துவிட்டேன். மனேஜர் அதை வாங்கிப் பார்த்து, இங்கே யாருக்காவது ஜெர்மன் தெரியுமா என்று கேட்டார். நான் குனிந்து பேனையைத் தேடினேன். கிழவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்: "இங்கே யாருக்கும் தெரியாது. வரவேற்புக் கடிதமாக இருக்கும், அவளே வாசித்துக் காட்டட்டும்."

திரும்பி வந்தவர்

டாக்சிவரை அவருடைய பெட்டியை நான்தான் கொண்டுபோனேன். நாங்கள் இருவர் மட்டும். காதோடு சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமை எனக்கு வழக்கு. வாய் திறக்கவில்லை. பயம்தான், ஆனால் வெட்கங்கெட்ட பயம். இன்றும் நினைத்தால் முகம் சுடுகிறது.

பத்து நாளில் திரும்பி வந்து எங்கள் ஓட்டலிலேயே தங்கினார். பூட்டிய வீட்டு வாசலில் பின்னேரம்வரை காத்திருந்தாராம். அயல்வீட்டுக்காரி வந்து சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தமக்கைக்கு உயிர் இருந்தது, பேச்சில்லை. அதற்குச் சற்று முன்புவரை பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், ஜெர்மனில். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, இங்கிலீஷில் சொன்னார்: "முதலாம் உலகப் போர் நேரம், எங்கள் ஊரில் ஜெர்மன் பேசுகிறவர்களை விசாரிக்க வந்தவர்களிடம் என் அப்பாவும் தனக்கு ஜெர்மன் தெரியாது என்றுதான் சொன்னார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். உங்களுக்கு எத்தனை?"

வழக்கு வென்றது, பாஸ்போர்ட்டும் வந்தது. இப்போது என் ஜெர்மனை நான் மறைக்கத் தேவையில்லை, அது யாருக்கும் தேவையுமில்லை.