மீட்டர் அக்காவின் வயிறு

பழுது பார்த்த கணினியைச் சோதிக்க, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் மீட்டர் அக்கா உட்காருவார். வெறும் வயிற்றில் சோதித்தால் கணக்கு தப்பிவிடும் என்பது அவர் கட்சி. கால் பெடலில், கை ஸ்டியரிங்கில். திரையில் கார் பந்தயம் ஓடத் தொடங்கும். மூன்றாவது வளைவுக்குள் முகம் வெளுத்தால், "இது தேறாது, பிரிச்சுட வேண்டியதுதான்" என்று ஸ்குரூ டிரைவரைத் தேடுவார். ஐந்து சுற்று முடிந்தும் ஏப்பம் மட்டுமே வந்தால் அந்தக் கணினி வீட்டுக்குப் போகலாம்.

தையற்கடைக்கு மேல் மாடியில் கணினி பழுது பார்க்கிறார். பிறவியிலேயே பயணம் ஒத்துக்கொள்ளாத உடம்பு. திரையில் படம் கொஞ்சம் திக்கினாலும் போதும், குடல் புரளும். "ரெண்டு பிள்ளைக்கு உண்டாயிருந்தப்போகூட இப்படிக் குமட்டினதில்ல" என்பார். அதனால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் மீட்டர் அக்கா. திருகாணிகளை மாத்திரை டப்பாக்களில் கிழமைவாரியாகப் போட்டு வைத்திருக்கிறார். கிராபிக்ஸ் கார்டின் தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டும்போது, "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு" என்று கொஞ்சுவார்.

என் மடிக்கணினிக்காக நான் காத்திருந்த ஒரு பிற்பகலில், ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக மாடியேற்றிக் கூட்டிவந்தாள். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன, லைசென்ஸ் திரும்பவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதருக்காக மகள் மூன்று திரையும் ஸ்டியரிங்குமாக ஒரு கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் காலையிலேயே வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

"வளைவுல திரும்புறப்போ படம் கண்ணிமைக்கிற நேரம் நின்னு போகுதுங்கறார் அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியல. வாங்கின கடையில, நொடிக்கு நூத்திப்பத்து படம் காட்டுது, மெஷின்ல கோளாறே இல்லைன்னுட்டாங்க."

"மெஷின்ல இல்லன்னா வேற எங்க?" ஓட்டுநர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான். மறுபடியும் ஆரம்பிக்குது. இதை வித்துடும்மா."

அக்கா அவரையே பார்த்தார். "அய்யா, எந்தெந்த இடத்துல நிக்குதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. மக காதுல மட்டும் சொல்லுங்க."

சொன்னார். அக்கா உட்கார்ந்து ஓட்டினார். பாலம் தாண்டியதும் உதட்டைக் கடித்தார். பார்வையாளர் மேடையை ஒட்டிய வளைவில் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சொட்டச் சொட்ட நனைந்த முகத்தோடு, பரிசு வாங்கியவர் போலத் திரும்பி வந்தார்.

"பாலத்துல ஒண்ணு, மேடைகிட்ட ஒண்ணு. சரியா?"

மகள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"உங்க தலையில ஒண்ணுமில்லய்யா. ஒவ்வொரு படமும் ஒரு ஆள்னு வைங்க, நூறு பேர் வரிசையில போறாங்க. ஒருத்தன் நின்னு செருப்பு மாட்டினா பின்னாடி வர்றவன் முட்டிக்குவானா இல்லையா? எத்தனை பேர் போனாங்கன்னு மட்டும் கடைக்காரர் எண்ணியிருக்கார். எப்படிப் போனாங்கன்னு பார்க்கல."

இந்தக் கார்டின் நினைவகம் ஒரு திரைக்குத்தான் காணும், மூன்றுக்குக் காணாது என்றார். "வளைவுல புதுசா மரம், கட்டடம், ஜனம்னு வருதா? வைக்க இடமில்லாம பக்கத்து வீட்டுல வைக்குது. ஓடிப்போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள படம் நின்னுடுது. பாரத்தைக் குறைச்சா சரியாயிடும். முதல்ல பின்னாடி பார்க்கிற இந்த ரெண்டு கண்ணாடியையும் எடுத்துடறேன்."

"கண்ணாடி இல்லாம நான் வண்டி எடுக்க மாட்டேன்."

அறையே அதிர்ந்தது. ஒரு வருடமாக அப்பா இப்படிக் குரல் உயர்த்தியதில்லை என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

"சரிங்கய்யா, கண்ணாடி இருக்கட்டும். வேடிக்கை பார்க்கிற ஜனத்தை வீட்டுக்கு அனுப்பிடறேன்." மேடை காலியானது. மரங்களின் இலைகள் மழுங்கின. படங்களின் எண்ணிக்கைக்கும் எழுபத்தைந்து என்று வரம்பு கட்டினார். "நூத்திப்பத்துன்னு பீத்திக்கிறதுக்குப் பதிலா எழுபத்தஞ்சு ஒழுங்கா வந்தாப் போதும்."

ஓட்டுநர் உட்கார்ந்தார். இரண்டு கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டு கிளப்பினார். பாலம் நெருங்க நெருங்கத் தோள்கள் காதுவரை ஏறின. பாலம் வந்தது, போனது. மேடையும் போனது. தோள்கள் மெல்ல இறங்கின.

"அப்பா, நிக்குதா?"

"பேசாதம்மா. வண்டி ஓட்டறேன்ல."

அடுத்து ஒரு நீண்ட இடப்பக்க வளைவு. அவருக்குப் பின்னால் நின்றிருந்த மீட்டர் அக்கா, நாற்காலியின் முதுகை எட்டிப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, வளைவோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்.