அம்மை வார்டுக்காரி வீட்டுக் கேழ்வரகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். என் பெண்களுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றிருந்தேன்; ஆனது. பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்றிருந்தேன், பிறந்தது. அப்புறமும் கை வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எதற்கு என்று ஒரு கூச்சம். இந்த ஆடியில் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. "ஆத்தா, நீயே எழுதவை" என்று கும்பிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா கட்டுமரத்தோடு போய்த் திரும்பாத வருஷம் நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சோறும் போட்டு வேலையும் கற்றுக்கொடுக்கிற இடம் எனக்கு வேறு எது? அப்புறம் காசிமேட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. எனக்குப் பெரியம்மை வார்டு. வெள்ளைக்காரன் போன புதிது அது.

அந்த வேலையில் கெட்டதே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். நின்று நின்று கால் தூணாக வீங்கும். கிருமி கொல்லும் லைசால் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்து, வீட்டில் மீனுக்கு உப்பு போட்டுப் பிசைந்தால் உயிர் போகும். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது நான் வேறு எவளோ பெற்ற பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அதை இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. வேலைக்கு நடந்து போனால், "ஆம்பள ஒடம்பக் கயுவுறவ போறாடா" என்று பீடிக்கடையில் உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள்.

நல்லது என்னவென்றால், கண் காது தெரியாமல் கொப்புளம் போட்டுக் கிடக்கிற ஒரு ஜீவன் ஒருநாள் காலையில் இமையைப் பிரித்து, "கஞ்சி கீதா?" என்று பசியோடு கேட்கும். அதைக் காதால் கேட்டவளுக்குத்தான் தெரியும். மேலே நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் குப்பத்தில் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பம்பை அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, வீட்டுப் பெண் கையால் கேழ்வரகு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டி, ஒரே அண்டாவில் காய்ச்சுவார்கள். எந்த வீட்டுத் தானியம் மூட்டையில் விழவில்லையோ, அந்த வீடு குப்பத்தில் இல்லை என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்கள், சாவுக்கும் தோள் கொடுக்கமாட்டார்கள்.

எப்போதும் என் மாமியார்தான் கொடுப்பார். ஒரு வருஷம் அவர் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டதால் முறம் என் கைக்கு வந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் பூசி, கேழ்வரகோடு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டில் பம்பை அடித்தது. அப்புறம் என் வாசலைத் தாண்டிப் போய் அந்தாண்டை வீட்டில் அடித்தது.

"மாமா, என் வூடு கண்ணுக்குத் தெர்லியா?" என்றேன். மூட்டையோடு முன்னால் போனவர் குப்பத்துத் தலைவர். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை.

"தெரியுது, அதான் தாண்டிப் போறேன். பொணத்தையும் சீழையும் தொட்டுட்டு வர்ற கையி அது. அந்தக் கையால குட்த்தத ஆத்தாளுக்குக் காய்ச்சறதா? வேலைய வுட்டுட்டேன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. இப்பவே வாங்கிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமியார், "பண்ணித் தொலையேன்டி, இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று முனகினார்.

நான் முறத்தை இறக்கவில்லை. குரலும் நடுங்கவில்லை. ஆத்தா செயல்.

"மாமா, பெரியம்ம வந்தா இன்னா சொல்றீங்க? ஆத்தா எறங்கிக்கீறான்னு தானே? வேப்பில சொருவி, வூட்ல தாளிக்காம கும்புட்றீங்க இல்ல? அப்ப வார்டுல நான் தெனம் கயுவித் தொடைக்கிறது யார் ஒடம்பு? செலைக்குத் தண்ணி ஊத்துற பூசாரி கை சுத்தம். சீழு வடியிற ஆத்தாளக் குளிப்பாட்டுற என் கை தீட்டா?"

"வாயப் பாரு வாய! நர்சு வேலைக்கு அனுப்புனா இதான். அட்றா பம்பைய!"

பம்பைக்காரர் குச்சியை ஓங்கினார். அதற்குள் எதிர்வீட்டு மீன்காரி இடுப்பில் கூடையோடு குறுக்கே வந்து நின்றுவிட்டாள். அதற்கு முந்தின வருஷம் எங்கள் வார்டில் கிடந்து பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு.

"தலைவரே, நில்லு. என் கேவுரத் திருப்பிக் குடு."

"ஆத்தாளுக்குக் குட்த்ததத் திருப்பிக் கேக்குறியே, மண்ட கெட்டுப்போச்சாமே உனுக்கு?"

"அவ கை தீட்டுன்னா, அவ கயுவுன இந்த ஒடம்பும் தீட்டு தானே? தீட்டு வூட்டுக் கேவுரு உன் மூட்டைல இன்னா பண்ணுது? எடு."

"எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சுமே! இதுல எது உன்துன்னு நான் எப்டிப் பொறுக்குறது?"

"குந்திகினு ஒண்ணொண்ணாப் பொறுக்கு. கூழ அடுத்த ஆடிக்கு ஊத்திக்கலாம். ஆத்தா இன்னா, ஓடியா போயிடுவா?"

முதலில் சிரித்தவர் பம்பைக்காரர்தான். அப்புறம் பின்வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். "என் புள்ளயும் அந்த வார்டுல தான் கெடந்தான். அப்டியே என்துயும் பொறுக்கிடு நைனா" என்றாள். கதவோரம் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தெருவில் இறங்கினார்கள்.

தலைவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போய், முறத்தைத் தட்டித் தட்டிக் கடைசி மணி வரைக்கும் கொட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் குடித்துவிட்டு நேரே டூட்டிக்குப் போனேன். ஆத்தா கொடுத்த வேலையை அவள் போதும் என்கிற வரைக்கும் செய்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தலைவர் மனசு மாறி என்னைக் கும்பிட்டார் என்று சேர்க்காதீர்கள். சாகிற வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. பட்ட பாட்டை மறைத்து எந்தப் பெண்ணையும் இந்த வேலைக்கு ஆசை காட்டாதீர்கள்; பழிப்பேச்சுக்குப் பயந்து எவளையும் தடுக்கவும் வேண்டாம். சூடம் அணைக்கச் சொன்னார்கள். நான் அணைக்கவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.