பாஞ்சாலை கழுவிய பாட்டில்கள்

அடி அண்ணாமலையிலிருந்து பாஞ்சாலை தினமும் எட்டரை மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். திருவண்ணாமலையில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் 1991 முதல் அவளுக்குப் பாட்டில் கழுவும் வேலை. அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த வடிநீரில் மூன்று முறை அலசிக் கவிழ்ப்பாள். அமிலம் பட்டு விரல் நுனிகள் மஞ்சளாகியிருக்கும். "மஞ்சள் வாங்குற செலவு மிச்சம்" என்று சிரிப்பாள்.

1998 கோடையில் வெள்ளையம்மாள் என்ற விவசாயி ஒரு பிடி நெற்பயிரோடு வந்தாள். இலையெல்லாம் துருப்புள்ளி.

"மண்ணுல ஜிங்க் போதும்னு எழுதிக் குடுத்தீங்க. பயிரு இப்படி நிக்குதுங்க."

கூடத்தின் வேதியியலாளர் ஷாஹீன் அணு உறிஞ்சல் கருவியைப் பற்றவைத்தாள். கரைசலைச் சுடரில் தூவினால், விளக்கொளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கொண்டு உலோகத்தின் அளவைச் சொல்லும் கருவி. வெறும் வடிநீரை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் காட்டக் கூடாது. ஜிங்க் காட்டியது.

"பாட்டில் சரியா கழுவலையாக்கா?"

ஏழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பாஞ்சாலை சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்காமல் நூற்றிருபது பாட்டில்களையும் மறுபடி அமிலத்தில் போட்டாள். மறுநாள் அலசி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் ஜிங்க்.

"ஒரு தடவை நானே ஊத்தட்டுமாம்மா?"

பாஞ்சாலை வடிநீர் ஊற்றிய பாட்டில் பூஜ்யம் காட்டியது. அடுத்ததை ஷாஹீன் ஊற்றினாள். ஜிங்க்.

சுடரின் வெக்கையில் ஷாஹீனின் கை தன்னையறியாமல் கழுத்தைச் சொறிந்தது. பாஞ்சாலையின் பார்வை அங்கே போனது.

"ஷாஹீன்மா, கழுத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"வேர்க்குருவுக்குப் பவுடர்..." என்றபடி ஷாஹீன் கைப்பையிலிருந்த டப்பாவைத் திருப்பினாள். ஜிங்க் ஆக்சைடு என்று அச்சடித்திருந்தது.

"உங்களப் போய் கேட்டுட்டேனேக்கா."

"இந்த வெயில்ல பவுடர் போடாம என்ன பண்ணுவீங்க? கையக் கழுவிட்டு வாங்க போதும். நேத்து சாப்பிடலைனு வீட்ல திட்டு வாங்கினேன் பாருங்க, அதுக்கு மட்டும் உங்கம்மா செய்யிற தால்ச்சா கொண்டாந்துடுங்க."

அந்தக் கோடையில் வந்த மண்ணையெல்லாம் திரும்பச் சோதித்தார்கள். வெள்ளையம்மாளின் வயலுக்கு இருவருமே போய் நடந்ததையும், மண்ணில் ஜிங்க் குறைவுதான் என்பதையும் சொன்னார்கள். ஜிங்க் சல்பேட் போட்டதில் இரண்டு வாரத்தில் புதுக் குருத்து பச்சையாக வந்தது.

2003இல் ஷாஹீன் கல்யாணமாகி வேலூருக்குப் போனாள். அவள் இடத்துக்கு வந்தவர் செய்முறை நோட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் ஷாஹீன் எழுதியிருந்தாள்: காலையில் முதலில் வைக்கும் வெறும் நீரைப் பாஞ்சாலையக்காதான் ஊற்ற வேண்டும்.