டிரைவரம்மாவின் கட்டைக்காளான் தேநீர்

பதினான்காம் எண் பேருந்து ஊரை விட்டுக் கிளம்பி, ஒன்றேகால் மணி நேரம் மேடேறி, காட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் போய் நிற்கும். அதற்கு மேல் சாலை கிடையாது. திரும்பிக் கிளம்ப ஐம்பது நிமிடம் இருக்கும். மற்ற டிரைவர்கள் அந்த ஐம்பது நிமிடத்தைத் தூங்கிக் கழித்தார்கள், சிலர் சீட்டாடினார்கள். டிரைவரம்மாவுக்குப் பகலில் தூக்கம் வராது. சீட்டைப் பிடிக்கவும் தெரியாது. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கொஞ்சம் நீட்டலாம் என்று காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மழையில் ஊறிய ஒரு அடிமரக் கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ பளபளத்தது. கருஞ்சிவப்பு நிறம். ஓரத்தில் மட்டும் வெண்ணெய்க் கோடு இழுத்தாற்போல் வெளுத்திருந்தது. யாரோ மரத்தட்டுக்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது. பெயர்த்தெடுத்துக் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவருடைய கணவருக்குப் பழைய மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் வேலை. வீட்டு முன்னறையில் பாதியைக் கால் உடைந்த நாற்காலிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் அந்தப் பொருளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் போட்ட பாலிஷ் இது?"

"யாரும் போடலைங்க. மரத்துல தானா முளைச்சிருக்கு."

"முப்பது வருஷமா தேய்க்கிறேன். இந்த மினுமினுப்பு எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல" என்றார் அவர். குரலில் உண்மையாகவே பொறாமை இருந்தது.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு கல்லூரியின் பழைய அலமாரிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியை ஒருவர் காளான்களைப் பற்றியே பல வருடங்களாக ஆராய்ச்சி செய்கிறவர். கணவர் மூலம் அந்தத் துண்டு அவர் மேசைக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் பதில் கடிதம் வந்தது. கட்டைக்காளான் வகை, பட்ட மரத்தில் வளர்வது, மருந்தென்று கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் உண்டு என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி: 'என் கடிதத்தை நம்பி எதையும் வாயில் வைக்க வேண்டாம். நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.'

அந்த வரி டிரைவரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்களிடம், கண்ணாடியை மட்டும் நம்பி வண்டியைப் பின்னால் எடுக்காதே, இறங்கிப் போய்ப் பார் என்று அவர் சொல்வதும் இதே தொனியில்தான்.

இரண்டு வருடம் பிடித்தது. தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்து, அதன் மேல் காளான் துண்டு வைத்து, கல்லூரிக்கு அனுப்பியபடி இருந்தார். பேராசிரியை சொல்லிக்கொடுத்தபடி, பாதிக்கு மை பூசிக் கறுப்பாக்கிய காகிதத்தில் காளானைக் கவிழ்த்து வைத்து, மறுநாள் அது உதிர்த்த பொடியின் நிறத்தைக் குறித்து வைத்தார். பணிமனை சுற்றறிக்கைகளின் முதுகுப்பக்கம் எல்லாம் வட்ட வட்டமாகப் பழுப்புப் பொடி. அந்த இரண்டு வருடமும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் மூன்றே மூன்று வகைகளைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டார். மூன்றும் மரத்தில் வளர்பவை, கட்டைபோலக் கெட்டியானவை, அடிப்பக்கம் ஊசியால் குத்தினாற்போல் துளை உள்ளவை. மண்ணிலிருந்து முளைத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பார், தொடமாட்டார்.

காயவைக்க அவருக்கென்று ஒரு இடம் இருந்தது. அந்தப் பழைய வண்டியில் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே என்ஜின் மூடி. மேடேறி வந்தால் தோசைக்கல் மாதிரி காயும். கணவரின் இரும்பறுக்கும் ரம்பத்தால் மெல்லிசாக அறுத்த துண்டுகளை ஒரு துணியில் பரப்பி அதன் மேல் வைத்துவிடுவார். நாலு நடை போய்வந்தால் சுள்ளென்று காய்ந்திருக்கும். விடிகாலையில் ஒரு கைப்பிடித் துண்டுகளை மண்சட்டியில் போட்டு, இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைப்பார். தண்ணீர் பாதியாகச் சுண்டி, பலகை நிறத்துக்கு வந்ததும் வடிகட்டிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்வார்.

கடைசி நிறுத்தத்தில் அந்தப் பிளாஸ்க் திறக்கும்போது யாராவது வந்து நிற்பார்கள்.

"இது என்ன பண்ணும்மா?" என்று கேட்பார்கள்.

"கசக்கும்" என்பார் டிரைவரம்மா.

"அது இல்லம்மா. உடம்புக்கு என்ன பண்ணும்?"

"எனக்குச் சூடா ஒண்ணு குடிச்ச மாதிரி இருக்கு. அதுக்கு மேல தெரிஞ்சா சொல்றேன். நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

சாப்பிடுகிறேன் என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று மூடியைத் திருகிவிடுவார். அவருடன் ஒன்பது வருடம் ஓடிய கண்டக்டருக்கே ஒரு வாய் கிடைத்ததில்லை. இதய அறுவைக்குப் பிறகு அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். டிரைவரம்மாவே அவருடைய டாக்டரிடம் போய்க் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். "ஊருக்கெல்லாம் ஊத்துறீங்க, கூடப் பொறக்காத தம்பிக்கு ஓரவஞ்சனை" என்று கண்டக்டர் வெறும் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே குறைபட்டுக்கொள்வார்.

அந்தப் பிளாஸ்கின் விசுவாசிகளில் முதல் ஆள் சலவைக்கடைக்காரர். மாத்திரை எதுவும் தொடாத கட்டுடம்பு. மலைமேல் இருக்கும் விடுதிக்கு வெளுத்த துணி மூட்டைகளை வாரம் இரண்டு முறை கொண்டுபோய்ச் சேர்ப்பவர். மனைவியும் கூட வருவார். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். தேநீர் குடிக்க ஆரம்பித்த மூன்று மாதத்தில், ஊரில் பாதிப் பேருக்குக் காளானைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். டிரைவரம்மாவிடம் ஒரு நாள் கேட்கவும் செய்தார்:

"எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா. நானே பறிச்சுக்கறேன்."

"சொல்லித் தரேன். ஆனா மொத ஒரு வருஷம் பாக்க மட்டுந்தான். பறிக்கக் கூடாது."

"ஒரு வருஷமா?" என்று சிரித்தார் அவர். "வெளுக்கற தொழிலையே நான் ஒரே நாள்ல கத்துக்கிட்டவன்."

அந்தப் பருவத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, சனிக்கிழமை வெயில் அடித்தது. மதியம் கொட்டகையிலிருந்து திரும்பிக் கிளம்பும் நேரம். டிரைவரம்மா இருக்கையில் ஏறி, தலைக்கு மேலுள்ள கண்ணாடியைச் சரிசெய்தபோது, பின் படியில் சலவைக்கடைக்காரர் ஏறுவது தெரிந்தது. முழங்கால் வரை சேறு. கையில் துணிக்கூடை, அதில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் காளான்கள். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. மனைவி பின்னால் வந்தார்.

கண்ணாடியில் பார்த்ததே டிரைவரம்மாவுக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் இறங்கிப் போய்ப் பார்த்தார். வெள்ளை வெளேரென்ற குடை. நீளமான தண்டு. தண்டில் பாவாடை கட்டினாற்போல் ஒரு வளையம். ஒன்றை மனிதர் வேரோடு பிடுங்கியிருந்தார். அதன் அடியில் கிழிந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பை.

"எந்த மரத்துல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மரத்துல இல்லம்மா. மண்ணுலதான். எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க. ஒரு பூச்சி அரிக்கல."

"கீழ போட்டுடுங்க."

"என்னது?"

"ஒண்ணுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. கூடையோட கீழ போட்டுடுங்க."

சலவைக்கடைக்காரரின் முகம் சுருங்கியது. மூன்று மணி நேரம் சேற்றில் உழன்ற களைப்பும் பேசியது. "நீங்க பறிச்சா மருந்து, நான் பறிச்சா விஷமா? காடு என்ன உங்க பேர்ல எழுதியிருக்கா?"

டிரைவரம்மா இருக்கைக்குத் திரும்பி, சாவியை உருவி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"கூடை உள்ள இருக்கிற வரைக்கும் வண்டி நகராது" என்றார்.

வண்டியில் பத்தொன்பது பேர். முதல் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் முணுமுணுத்தார்கள். அவர் தின்றால் உங்களுக்கென்ன என்றார் ஒருவர். எனக்கு அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். யாரோ பணிமனைக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். டைம் கீப்பர் கத்தியது கடைசி இருக்கை வரை கேட்டது. டிரைவரம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கிளம்பினதும் சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அக்கா, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அது நல்லதுன்னு எனக்குத் தெரியல. அது போதும்."

இரண்டாவது வரிசையில், கூடைக்குப் பக்கத்தில், சலவைக்கடைக்காரரின் மனைவி இதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது கணவர் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"வாரம் ரெண்டு தடவை இந்த மலை இறங்கறோம். நாப்பது வளைவு. நீங்க மொத வளைவுலயே தூங்கிடறீங்க. இவங்க கையில உசுரக் குடுத்துட்டுக் குறட்டை விடறீங்க. இந்தக் கூடை விஷயத்துல மட்டும் நம்ப மாட்டீங்களா?"

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அந்தம்மா எழுந்து, கணவரின் மடியிலிருந்த கூடையைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கினார். சலவைக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

கண்டக்டர் ஜாக்கிக் கம்பியால் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மூடினார். ஒன்றை மட்டும் டிரைவரம்மா காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். குழாயடியில் எல்லோரும் கை கழுவினார்கள். இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக வண்டி கிளம்பியது. அன்றைக்குச் சலவைக்கடைக்காரர் ஒரு வளைவில்கூடத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு பயணிகளின் புகார் இருந்தது.

"வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"அப்படி ஏதாவது விதி இருக்கா?"

"இல்ல சார். பிரேக் புடிக்கலன்னா எடுக்க மாட்டேன். இதுவும் எனக்கு அப்படித்தான் பட்டுச்சு."

"நல்ல காளானா இருந்திருந்தா?"

"இருபத்திரண்டு நிமிஷம் வீணாப் போயிருக்கும் சார். அவ்ளோதான்."

மேலாளர் வாய்க்குள் சிரிப்பை மென்று விழுங்கினார். ஆனால் தாமதம் தாமதம்தான். ஒரு மெமோவும், ஒரு மாதத்துக்கு ஊருக்குள் ஓடும் வண்டியும் என்று எழுதினார். டிரைவரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு புது வண்டிக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியையின் கடிதம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அவசர எழுத்து. கொல்லும் வகை, தின்றவுடன் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து வாந்தியில் ஆரம்பித்து ஈரலில் போய் முடியும், ஒரு ஆளுக்கு ஒரு காளானே போதும். கணவர் படித்துவிட்டு, இதை மேலாளரிடம் காட்டு, மெமோவைக் கிழித்துப் போடட்டும் என்று குதித்தார்.

"வண்டி லேட்டானது நெசந்தானே. அது கிடக்கட்டுங்க. படிக்க வேண்டியவங்க வேற."

சலவைக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மத்தியானம் வரை கடைக் கதவு பாதிதான் திறந்திருந்தது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். சாயங்காலம் கணவன் மனைவி இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சலவைக்கடைக்காரர் பாலிஷ் போடாத நாற்காலி ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. கேட்கிற சுபாவமும் அவருக்கு இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்ல சின்னவன் ஒருத்தன் இருக்கான்மா. பேரன். அவனுக்குத்தான் மொதல்ல குடுத்திருப்பேன்" என்றார். டிரைவரம்மா இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றி வைத்தார்.

"அந்த ஒரு வருஷம்னு சொன்னீங்களே" என்றார் அவர், போகும்போது.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி. கூடை கொண்டுவராதீங்க."

ஊர் வண்டி ஓட்டிய மாதத்திலும் அந்த ஞாயிறுகள் தவறவில்லை. சொன்னபடி சலவைக்கடைக்காரர் பார்த்தார், குறித்தார், தொடவில்லை. கண்பார்வையில் டிரைவரம்மாவை விடக் கூர்மையானவர் அவர் மனைவிதான் என்று நாலாவது வாரமே தெரிந்துபோயிற்று. துணியில் கறையைத் தேடிப் பழகிய கண்.

மறுபடி பதினான்காம் எண்ணில் ஏறிய பிறகு, ஒரு புதன்கிழமை, பின் இருக்கையில் ஒரு வயதான அம்மா பெரிய தோள்பையுடன் வந்து உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவர் இறங்கவில்லை. முன்னால் நடந்து வந்து, "நான்தான் தீப்பெட்டி வாங்கிட்டு இருக்கிறவ" என்றார்.

பதினோரு வருடக் கடிதப் பழக்கத்தில் பேராசிரியையை டிரைவரம்மா நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காட்டுக்குள் போனார்கள். ஒரு விழுந்த மரத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மடல்களாக ஒன்று இருந்தது. பேராசிரியை மண்டியிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

டிரைவரம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பை நிறையக் காளான் கிடைத்த நாளில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை என்று கண்டக்டர் பின்னால் சொன்னார். இருவரும் கொட்டகைக்குத் திரும்பினார்கள். முதலில் மாத்திரைக் கேள்வி; இல்லை என்றதும் பிளாஸ்க் திறந்தது. பேராசிரியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினார்.

"ரொம்பக் கடுமையா இருக்கா?"

"முப்பது வருஷமா இதப் பத்தி எழுதறேன்" என்றார் பேராசிரியை, மூச்சை இழுத்துக்கொண்டு. "குடிச்சது இன்னைக்குத்தான்."

ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கிளம்ப இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. டிரைவரம்மா அவருக்கு மேலும் அரை டம்ளர் ஊற்றிவிட்டு, டயர்களைத் தட்டிப் பார்க்க எழுந்து போனார்.